அதுக்கு அங்க யாரத் தெரியும்?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் திருத்தப்பட்டுள்ளன.)

"காட்டு விலங்கு வீட்டுக்குள்ள வந்தா என்ன பண்றது, அதோட வரலாற்றைப் பத்திப் பேசுங்க" என்று உங்களில் சிலர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அந்த விஷயத்தில் எனக்கே ஒரு பழைய பாக்கி இருக்கிறது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2019 பொங்கல் லீவு. சென்னையில் இருந்து கிளம்பி, பந்தலூர் பக்கம் எங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு பக்கம் தேயிலைத் தோட்டம், இன்னொரு பக்கம் காடு, நடுவில் ஓட்டு வீடு. ஓட்டுக்குக் கீழே பலகை அடித்த சீலிங். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு இடம் உண்டு. அந்த இடத்தில் ஒரு மரநாய் குடிவந்திருந்தது.

மரநாய் பார்த்திருக்கிறீர்களா? பேர்தான் நாய். பூனை அளவு உடம்பு, நீளமான வால், கறுத்த முகம். பகல் முழுக்கத் தூங்கும், ராத்திரி பழம் தேடிப் போகும். போகும்போதும் வரும்போதும் யாரோ செருப்புப் போட்டுக்கொண்டு சீலிங் மேல் ஓடுகிற மாதிரி சத்தம். அதைவிடப் பெரிய பிரச்சினை மூத்திரம். பலகை இடுக்கு வழியாக நேராக அம்மாவின் கட்டில் மேல் சொட்டியது. அதோடு அதன் உடம்பிலிருந்து ஒரு வாசனை வரும். இன்னைக்கும் யார் வீட்டிலாவது பாஸ்மதி அரிசி வெந்தால் எனக்கு அந்தச் சீலிங்தான் ஞாபகத்துக்கு வருகிறது. பிரியாணியை ரசிக்க முடியாமல் போன கதை அது, விடுங்க.

பக்கத்து வீட்டு அண்ணன் ஒருத்தர், "வாழைப்பழத்துல கொஞ்சம் குருணை மருந்து வச்சா ஒரே ராத்திரில முடிஞ்சிரும்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் சென்னையில் வேலை பார்க்கிற பொண்ணு, விலங்கு நலப் பக்கங்கள் நாலைந்தை ஃபாலோ பண்றவ. "கொல்ல வேணாம். பிடிச்சு, காட்டுல கொண்டுபோய் விட்டுடலாம்" என்று பெரிய தீர்ப்பு மாதிரி சொன்னேன். கம்பிக்கூண்டு ஒன்றை இரவல் வாங்கி, உள்ளே பழுத்த நேந்திரம்பழம் வைத்தோம். மறுநாள் விடிகாலை கூண்டு நிறைய மரநாய். ஜீப்பில் ஏற்றி 12 கிலோமீட்டர் தள்ளி, காட்டு ஓரத்தில் கதவைத் திறந்துவிட்டோம். ஓடினது பாருங்க! நான் ஃபோட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டேன். ஹார்ட் கொட்டியது.

எங்கள் அம்மாயி மட்டும், கூண்டை ஜீப்பில் ஏற்றும்போது திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாங்க. "கொண்டுபோயி விடுறீங்க, சரி. அதுக்கு அங்க யாரத் தெரியும் புள்ள?"

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மீதிக் கதையைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், நான் அன்னைக்குச் சொன்ன அந்த வாக்கியத்தின் வரலாற்றைப் பார்க்கலாம். "கொல்லாம பிடிச்சு, வேற இடத்துல விடுறது." கேட்டால் ரொம்பப் பழைய தர்மம் மாதிரி இருக்கு இல்லையா? நம் சட்டப் புத்தகத்தில் அதற்கு வயது ரொம்பக் கம்மி.

முதலில் வெள்ளைக்காரன் காலத்துக்குப் போவோம். அப்போது வீட்டுப் பக்கம் வருகிற விலங்கை என்ன செய்வது என்ற கேள்விக்கு அரசாங்கத்திடம் ஒரே பதில்தான் இருந்தது: கொன்னுட்டு வா, காசு வாங்கிக்கோ. புலிக்கு ஒரு விலை, சிறுத்தைக்கு ஒரு விலை, ஓநாய்க்கும் பாம்புக்கும் தனித்தனி விலை. செத்த விலங்கைக் காட்டினால் கஜானாவில் இருந்து இனாம். விலங்குகள் கொன்ற மனிதர்கள் எத்தனை, அரசாங்கம் கொன்ற விலங்குகள் எத்தனை என்று வருஷா வருஷம் அட்டவணை போட்டார்கள். வரலாற்றாய்வாளர் மகேஷ் ரங்கராஜன் அந்தப் பதிவேடுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தார். 1875க்கும் 1925க்கும் இடையில், 50 வருஷத்தில், 80,000க்கு மேல் புலிகள், 1,50,000க்கு மேல் சிறுத்தைகள், சுமார் 2,00,000 ஓநாய்கள். பதிவேட்டில் ஏறாமல் செத்தது தனி.

யானை மட்டும் இந்தக் கணக்கில் இருந்து கொஞ்சம் சீக்கிரம் தப்பித்தது. 1873இல் சென்னை மாகாணம் காட்டு யானைகளைக் கண்டபடி கொல்வதைத் தடுக்க ஒரு சட்டம் போட்டது. 1879இல் இந்தியா முழுமைக்கும் ஒன்று வந்தது. ஆஹா, மனசு மாறிட்டாங்களே என்று நினைக்காதீர்கள். யானை அப்போது லாரி, கிரேன், ஜேசிபி மூன்றும் சேர்ந்த ஒரு மிஷின். ஆனைமலைத் தேக்கு மரங்களை இழுக்க யானை வேணும். பட்டாளத்துக்கு யானை வேணும். சும்மா சுட்டுத் தள்ளினால் நஷ்டம். அதனால் நம் பக்கத்துக் காடுகளில் பள்ளம் தோண்டி யானை பிடித்தார்கள். மைசூர் பக்கம் சாண்டர்சன் என்கிற ஆங்கிலேயர் 1874இல் கெத்தா முறையில் கூட்டத்தோடு வளைத்துப் பிடித்தார். காக்கனகோட்டையில் கடைசி கெத்தா நடந்தது 1971இல்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. யானையைப் பிடிக்கிற தொழில்நுட்பம், கும்கி, பாகன், மரக்கூண்டு, எல்லாமே அந்தக் காலத்துச் சொத்து. அன்றைக்கு வேலைக்காகப் பிடித்தார்கள். அதே கை, அதே கயிறு, பின்னாடி வேற காரணத்துக்காக வரப்போகிறது.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இனாம் கொடுத்துக் கொல்லச் சொன்ன அரசாங்கம், இப்போது கொன்றால் ஜெயில் என்றது. ஒரு நூற்றாண்டுப் பழக்கம் ஒரே சட்டத்தில் தலைகீழ். நல்ல விஷயம்தான். ஆனா காட்டு ஓரத்து வீட்டுக்காரனின் கேள்விக்கு அதில் பதில் இல்லை. சீலிங்ல மரநாய், கொட்டகையில சிறுத்தை, அரிசி மூட்டையைத் தேடிச் சுவரை உடைக்கிற யானை. கொல்லக்கூடாது, சரி. அப்புறம்?

1982இல் சட்டத்தில் ஒரு திருத்தம். விலங்கை அதற்குப் பொருத்தமான வேற வாழிடத்துக்கு மாற்றுவது என்ற யோசனை, அறிவியல் மேலாண்மை என்ற பேரில் உள்ளே நுழைந்தது. 2002ஆம் வருஷத் திருத்தம், 2003 ஏப்ரலில் அமலுக்கு வந்தது, அதை இன்னும் முன்னால் கொண்டுவந்தது. மனித உயிருக்கு ஆபத்தான விலங்காகவே இருந்தாலும், அதைப் பிடிக்கவோ, மயக்க ஊசி போடவோ, இடம் மாற்றவோ முடியாது என்று தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு நிச்சயமாகத் தெரிந்தால் ஒழிய, கொல்ல உத்தரவு போடக்கூடாது. அதாவது இடமாற்றம் இப்போது சலுகை இல்லை, கொல்வதற்கு முன்னால் யோசித்தே ஆகவேண்டிய ஒரு படி.

இந்த இடத்தில் நிறுத்தி ஒரு தேதியைப் பார்க்கணும். டெல்லியில் இந்தத் திருத்தம் தயாராகிக்கொண்டிருந்த அதே நேரத்தில், மகாராஷ்டிராவில் அதன் விளைவு ஏற்கெனவே தெரிய ஆரம்பித்திருந்தது.

புனே மாவட்டத்தில் ஜுன்னர். கரும்புக் காடு. நிஜக் காடு இல்லை, கரும்பு. பாசன வசதி வந்த பிறகு ஊரெல்லாம் கரும்பு, கரும்புக்குள் சிறுத்தை, அது குட்டி போடுவதும் அங்கேதான். நாய், ஆடு, பன்றி என்று சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஊர்க்காரர்கள் பயந்து கூண்டு கேட்டார்கள். வனத்துறை பிடித்தது, தூரத்துக் காடுகளில் கொண்டுபோய் விட்டது. அந்தச் சிறுத்தைகளில் பல யாரையும் கடித்தவை இல்லை, கண்ணில் பட்டவை, அவ்வளவுதான். கொல்லவில்லை, அடைக்கவில்லை, காட்டில் விட்டார்கள். என் இன்ஸ்டாகிராம் போஸ்ட் மாதிரியே நல்ல எண்ணம்.

வித்யா ஆத்ரேயா என்கிற உயிரியலாளரும் அவருடைய குழுவும் இதைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். இடமாற்றம் பெரிய அளவில் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஜுன்னரில் மனிதர்கள் மேல் நடந்த சிறுத்தைத் தாக்குதல் சராசரியாக வருஷத்துக்கு 4. ஆரம்பித்த பிறகு 17. சிறுத்தைகளைக் கொண்டுபோய் விட்ட இடங்களின் பக்கத்திலும் தாக்குதல்கள் வந்தன.

ஏன்? சிறுத்தைக்குக் காடு என்பது மரங்களின் கூட்டம் இல்லை. எந்த ஓடையில் எப்போது தண்ணீர் இருக்கும், எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு ஆள் நடமாட்டம் நிற்கும், எந்த எல்லையைத் தாண்டினால் இன்னொரு சிறுத்தை அடிக்கும், இதெல்லாம் சேர்ந்த ஒரு மனக்கணக்கு. மனுஷன் கண்ணில் படாமல் மனுஷன் பக்கத்திலேயே வாழக் கற்றுக்கொண்ட ஒரு சிறுத்தையை, கூண்டில் அடிபட வைத்து, தெரியாத இடத்தில் இறக்கிவிட்டால் அந்தக் கணக்கு மொத்தமும் பூஜ்யம். இந்தப் பக்கம் காலியான இடமும் காலியாக இருக்காது. வேற ஒன்று வரும், அதற்கு ஊர் பழக்கம் இருக்காது.

அந்தக் குழுவின் கதைகளில் எனக்குப் பிடித்தது அஜோபா. மராத்தியில் தாத்தா என்று அர்த்தம். 2009இல் ஒரு கிணற்றில் விழுந்த வயசான ஆண் சிறுத்தை. கழுத்தில் ஜிபிஎஸ் பட்டை மாட்டி மால்ஷேஜ் மலைப்பாதைப் பக்கம் விட்டார்கள். அது ரயில்பாதை, நெடுஞ்சாலை எல்லாம் தாண்டி சுமார் 120 கிலோமீட்டர் நடந்து மும்பையின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. வழியில் ஒரு மனுஷனைக்கூடத் தொடவில்லை. நாம அதைக் காட்டில் விட்டோம், அது மும்பைக்குப் போயிடுச்சு. நம் ஊரில் இருந்து சென்னைக்கு பஸ் ஏறுகிற எல்லோரும் மாதிரிதான்!

2011இல் மத்திய அரசே சிறுத்தைகளுக்கு வழிகாட்டு நெறிமுறை போட்டது. கண்ணில் பட்டது என்பதற்காகப் பிடித்து இடம் மாற்றாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். அடுத்த வருஷம், 2012இல், இலங்கையில் பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் சக ஆய்வாளர்களும் யானைகளைப் பற்றி ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தொந்தரவு யானைகள் என்று பிடித்து தேசியப் பூங்காக்களில் விடப்பட்ட 12 ஆண் யானைகளுக்குக் கழுத்துப் பட்டை மாட்டிப் பார்த்தார்கள். இரண்டு யானைகள் பூங்காவுக்குள்ளேயே செத்துவிட்டன. மற்ற அத்தனையும் பூங்காவை விட்டு வெளியேறிவிட்டன. சில, பிடிபட்ட இடத்துக்கே திரும்பின. சில, எங்கெங்கோ அலைந்தன. சில, புது இடத்தில் தங்கின. மொத்தத்தில் பிரச்சினை குறையவில்லை, பரவியது. யானைச் சாவும் கூடியது.

ஆக, 2012லேயே பதில் நம் பக்கத்துத் தீவிலேயே அச்சாகி இருந்தது. இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

கோயம்புத்தூர் தடாகம் பள்ளத்தாக்கு. மலையடிவாரத்தில் வீடுகள், கல்லூரிகள், செங்கல் சூளைகள். அங்கே சுற்றிய ஒரு ஆண் யானைக்கு ஊர்க்காரர்கள் வைத்த பேர் சின்னத்தம்பி. பெரியதம்பி என்று இன்னொன்றும் இருந்தது. பேர் வைத்ததிலேயே தெரிகிறது இல்லையா, அது யாரோ ஒரு காட்டு யானை இல்லை, தெருவில் தெரிந்த பையன். பயிரையும் மேய்ந்தது, ஊருக்குள்ளும் வந்தது. புகார்கள் குவிந்தன. முந்தைய மாதம் விநாயகன் என்ற யானையைப் பிடித்து முதுமலைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். 2019 ஜனவரி 25 அன்று சின்னத்தம்பியின் முறை. மயக்க ஊசி, கும்கிகள், லாரி. டாப்ஸ்லிப் பக்கம் வரகளியாறு காட்டில் விட்டார்கள்.

அன்னைக்கு நான் சென்னைக்குத் திரும்பி வந்திருந்தேன். காயத்தோடு லாரியில் நின்ற அந்த யானையின் படங்கள் என் போன் முழுக்க. வீட்டுக்குப் போன் போட்டால் அம்மாயியும் டிவியில் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாங்க.

ஒரு வாரம்கூட முழுசாக ஆகவில்லை. சின்னத்தம்பி காட்டை விட்டு வெளியே வந்துவிட்டான். பொள்ளாச்சிப் பக்கம் அங்கலக்குறிச்சி, அப்புறம் உடுமலைப்பேட்டைப் பக்கம் கரும்புத் தோட்டங்கள். சுமார் 100 கிலோமீட்டர் நடந்ததாகச் செய்திகள். எல்லோரும் "வீட்டுக்குத் திரும்பி நடக்கிறான்" என்று உருகினார்கள், நானும் உருகினேன். வரைபடத்தைப் பிறகுதான் நிதானமாகப் பார்த்தேன். தடாகம் இருப்பது வடக்கே. அவன் போனது கிழக்கே. இலங்கை ஆய்வில் சொன்ன மூன்று வகையில் அவன் திரும்புகிறவன் இல்லை, அலைகிறவன்.

கும்கியாக மாற்றிவிடுவோம் என்று அமைச்சர் சொன்னார். எதிர்ப்பு கிளம்பியது, ஹேஷ்டேக், போராட்டம், உயர் நீதிமன்றத்தில் வழக்கு. கடைசியில் பிப்ரவரி 15 அன்று கலீம் உள்ளிட்ட கும்கிகளை வைத்து மறுபடி பிடித்தார்கள். இந்த முறை காட்டில் விடவில்லை. வரகளியாற்றில் கரோல் என்கிற மரக்கூண்டு. சில மாதம் கழித்து வெளியே வந்தபோது அவன் முகாம் யானை. பிறகு கும்கி.

இதோட கதை முடிஞ்சிருந்தா ஒரு சோகக் கதை என்று விட்டுவிடலாம். முடியவில்லை. 2023 பிப்ரவரியில் தர்மபுரி பாலக்கோடு பக்கம் ஒரு மக்னா, அதாவது தந்தம் இல்லாத ஆண் யானை, ஊருக்குள் வந்தது. அதைப் பிடிக்கக் கும்கி வேண்டும். லாரியில் வந்து இறங்கியது யார் தெரியுமா? சின்னத்தம்பி.

மக்னாவைப் பிடித்தார்கள். எங்கே விட்டார்கள்? அதே வரகளியாறு. அது என்ன செய்தது? அதே மாதம் காட்டை விட்டு இறங்கி, பொள்ளாச்சி தாண்டி, கோயம்புத்தூர் மாநகருக்குள்ளேயே நடந்து வந்துவிட்டது. பேரூர் பக்கம் பிடித்து மறுபடி ஆனைமலைக் காட்டில் மானாம்பள்ளிப் பக்கம் விட்டார்கள். மறுபடி வெளியே வந்தது. ஜூலை கடைசியில் மூன்றாவது முறை பிடித்து, வால்பாறை மலையில் சின்னக்கல்லாறு பக்கம் விட்டார்கள்.

அந்த ஒரே வருஷத்தில்தான் அரிக்கொம்பனும். இடுக்கி சின்னக்கானலில் ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்கிற யானை, அதான் அந்தப் பேர். ஏப்ரல் கடைசியில் பெரியாறு காட்டில் விட்டார்கள், மே மாதம் கம்பம் ஊருக்குள் ஓடியது. அந்தக் களேபரத்தில் அடிபட்ட ஒருத்தர் இறந்துபோனார். ஜூனில் நம் வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறையில், மேல் கோதையாறு பக்கம் கொண்டுபோய் விட்டது.

இப்ப நீங்க, "அப்ப விட்டுடலாமே, யானை வரட்டுமே, அதோட இடம்தானே" என்று சொல்ல வருகிறீர்கள் இல்லையா? நானும் ரொம்ப நாள் அப்படித்தான் பேசினேன், சென்னையில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு. இந்த இடத்தில் எங்கள் ஊர்க் கதையைச் சொல்லியே ஆகணும்.

பி.எம்.2. பந்தலூர் மக்னா 2 என்பதன் சுருக்கம். அரிசி வாசனை பிடித்து வீடுகளை உடைக்கும். பல வீடுகளை உடைத்தது. 2022 நவம்பரில் தேவாலா பக்கம் ஒரு பெண்ணின் உயிர் போனது. அந்த வாரங்களில் நான் அம்மாவோடு போனில் பேசினால் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் குரலைத் தாழ்த்திக்கொள்வாங்க. அரிசி வாளியை எங்கே வைப்பது என்பது வீட்டில் ஒரு சண்டையாகவே ஆனது. கட்டிலுக்குக் கீழே வைத்தால் ஆள் படுக்கிற அறைக்கு யானை வரும். சமையலறையில் வைத்தால் அந்தச் சுவர் போகும். இந்தக் கணக்கைப் போடுகிறவர்களிடம் போய் "அதோட இடம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டிசம்பர் 8 அன்று பி.எம்.2-வைப் பிடித்தபோது எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தார்கள். நான் குறை சொல்ல மாட்டேன்.

முதுமலையில் விட்டார்கள். ஒரு மாதத்துக்குள், 2023 ஜனவரி 6 அன்று, அது கேரளாவில் சுல்தான் பத்தேரி டவுனுக்குள் நடந்துகொண்டிருந்தது. ரோட்டில் போன ஒருத்தரைத் தூக்கி எறிந்தது. மூன்று நாள் கழித்துக் கேரள வனத்துறை பிடித்து முத்தங்கா முகாமில் அடைத்தது. எங்கள் தெருவின் பயம் பத்தேரித் தெருவுக்குப் போனது, அவ்வளவுதான்.

வேற வழி ஏதாவது முயற்சி பண்ணியிருக்காங்களா? வால்பாறையில் பண்ணியிருக்காங்க. சுமார் 220 சதுர கிலோமீட்டர் பீடபூமி, நடுவில் தேயிலை, சுற்றிலும் ஆனைமலைக் காடு. யானைக் கூட்டங்கள் வருஷா வருஷம் தோட்டங்கள் வழியாகத்தான் நடக்கின்றன. இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையின் ஆனந்தகுமாரும் அவருடைய குழுவும், பழைய சாவுகளை ஒவ்வொன்றாக எடுத்து எப்படி நடந்தது என்று பார்த்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு யானை அங்கே நிற்பதே தெரியாது. வேலை முடிந்து இருட்டில் லயனுக்கு நடந்து வரும்போது, பஸ்ஸை விட்டு இறங்கும்போது, நேருக்கு நேர்.

அப்ப பிரச்சினை யானை அங்கே இருப்பது இல்லை, அது இருப்பது தெரியாமல் இருப்பது. 2011 வாக்கில் எஸ்எம்எஸ் ஆரம்பித்தார்கள். இந்த எஸ்டேட்டில், இந்த இடத்தில் யானை நிற்கிறது என்று தமிழில் செய்தி. படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் அழைப்பு. உள்ளூர் கேபிள் டிவியில் ஓடும் எழுத்து. மேடான இடங்களில் சிவப்பு விளக்கு, போனிலேயே எரிய வைக்கலாம். விளக்கு எரிந்தால் அந்தப் பக்கம் போகாதே. யானையை நகர்த்தவில்லை, தகவலை நகர்த்தினார்கள். சாவு குறைந்தது. 2015இல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது. ஆனால் வீட்டுச் சுவர் இடிவதை எஸ்எம்எஸ் நிறுத்தாது. அரிசிக் கணக்கு அங்கேயும் இருக்கிறது.

எங்கள் அம்மாயி பற்றி ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அவங்க பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு, மலையகத் தமிழர்களில் யார் எந்த நாடு என்று இரண்டு அரசாங்கங்கள் பிரித்துக்கொண்டன. அம்மாயி குடும்பத்துக்கு இந்தியா விழுந்தது. தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் வனத்துறை நிலத்தில் அரசாங்கம் தேயிலைத் தோட்டங்கள் போட்டது. டான்டீ. யானை நடந்த இடத்தில் எங்களை இறக்கி வைத்தார்கள். "சொந்த ஊருக்குப் போறீங்கன்னு சொன்னாங்க. வந்து பாத்தா ஒரு முகம் தெரியல" என்று அம்மாயி நிறைய தடவை சொல்லியிருக்காங்க. மரநாயைப் பற்றிக் கேட்டபோது அதை நினைத்துத்தான் கேட்டாங்களா என்று நான் கேட்டதில்லை. இப்ப கேட்க முடியாது.

சரி, பாக்கிக் கதை.

மரநாயை விட்டுவிட்டு வந்த அன்றைக்கு ராத்திரி வீடு அமைதியாக இருந்தது. எல்லோரும் நல்லாத் தூங்கினோம். மறுநாள் ராத்திரி சீலிங்கில் இருந்து ஒரு மெல்லிய சத்தம். எலி என்று நினைத்தோம். அதற்கு அடுத்த நாள் சத்தம் பலமாகி, அப்புறம் குறைய ஆரம்பித்தது. ஏணி வைத்து ஓட்டைப் பிரித்துப் பார்த்தால், காய்ந்த இலையும் பழைய துணியும் சேர்ந்த ஒரு கூட்டில் மூன்று குட்டிகள். இரண்டு செத்திருந்தன. ஒன்று கண்ணை மூடிக்கொண்டு வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

ஜீப் எடுத்துக்கொண்டு, அந்த 12 கிலோமீட்டர் திரும்பிப் போனோம். குட்டியை ஒரு கூடையில் வைத்து, தாயை விட்ட இடத்திலேயே ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. எப்படி வரும்? மறுநாள் வனத்துறை ஆட்களிடம் கொடுத்தோம். அனுமதி இல்லாமல் கூண்டு வைத்ததே சட்டப்படி தப்பு என்று அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். திட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். குட்டி என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள இரண்டு தடவை போன் போட்டேன், மூன்றாவது தடவை போட தைரியம் வரவில்லை.

அந்த ஃபோட்டோ இன்னும் என் இன்ஸ்டாகிராமில் இருக்கிறது. கூண்டுக் கதவு திறந்து, வாலை மட்டும் காட்டிக்கொண்டு ஓடுகிற மரநாய். டெலீட் பண்ணவில்லை. கீழே கமெண்டில் போன வருஷம்தான் உண்மையை எழுதினேன். ஏழு பேர் பார்த்திருப்பார்கள்.

இந்த வருஷம் சீலிங்கில் மறுபடி ஒன்று குடிவந்திருக்கிறது. அம்மா கட்டிலை இடம் மாற்றிப் போட்டு, பலகை இடுக்குக்குக் கீழே பழைய தார்ப்பாய் கட்டியிருக்காங்க. சாயங்காலம் தாய் வெளியே போகும்போது எந்த ஓட்டை வழியாகப் போகிறது என்று கவனித்துச் சுவரில் சுண்ணாம்பால் குறி போட்டிருக்காங்க. எல்லாம் காலி பண்ணின பிறகு அந்த ஓட்டையைக் கம்பி வலை வைத்து அடைக்கணும், ஓட்டு மேல் சாய்ந்திருக்கிற பலாமரக் கிளையை வெட்டணும். இந்த எபிசோடைப் பதிவு செய்வதற்கு முன்னால் போன் போட்டுக் கேட்டேன்.

"நேத்து சாயங்காலம் தாயோட ரெண்டு குட்டி எறங்கிப் போச்சு. இன்னொன்னு மேலதான் இருக்கு, கிளையில கால் வைக்கப் பயப்படுது. ஆசாரியை அடுத்த வாரம் வரச் சொல்லிட்டேன்" என்றாங்க.